பேட்டனா, சேயர்ஸா? சிகாகோ பேர்ஸ் ரன்னிங் பேக்குகளில் பெரியவர் யார்?

#1 ஷாம்பர்க் செந்தில்

நேத்து வீட்டுல ஒரு சண்டை. பையனுக்குப் பள்ளிக்கூடத்துல "சிகாகோவின் பெரிய விளையாட்டு வீரர்" பத்தி பத்து வரி எழுதச் சொல்லியிருக்காங்க. அவன் வால்டர் பேட்டன்னு தலைப்புப் போட்டான். பின்னாடி நின்னுக்கிட்டு நான், "கேல் சேயர்ஸ்னு எழுதுடா"ன்னேன். திரும்பிக்கூடப் பாக்காம, "அவரு மொத்தமே 68 மேட்ச்தான்பா"ன்னான். என் பொண்டாட்டி அடுக்களையிலேர்ந்து சிரிக்கறா.

அதான் இங்க வந்தேன். அமெரிக்கன் ஃபுட்பால்ல, என்எஃப்எல் லீக்ல ஆடற பேர்ஸ் (கரடிகள்) டீம் வரலாற்றுல, பந்தை எடுத்துக்கிட்டு ஓடினவங்கள்ல (அவங்கதான் ரன்னிங் பேக்) யாரு பெரியவரு? என் ஓட்டு சேயர்ஸுக்கு. காரணம் 1965 டிசம்பர் 12.

அந்த மேட்ச் துண்டுப்படம் இணையத்துல கிடைக்கும், பாருங்க. ரிக்லி ஃபீல்டு, பேஸ்பால் மைதானம். மழை பெஞ்சு முழுக்கச் சேறு. எதிர்ல சான் பிரான்சிஸ்கோ 49ers. 22 பேர்ல 21 பேரு நாத்து நட்டுட்டு வரப்புல ஏறுறவன் மாதிரி கால் வாங்கித் தடுமாறுறாங்க. ஒருத்தர் மட்டும் சிமெண்டுத் தரையில ஓடற மாதிரி ஓடறாரு. குட்டையா எறிஞ்ச பந்தை (ஸ்க்ரீன் பாஸ்) வாங்கி 80 யார்டு. எதிரணி உதைச்சு அனுப்பின பந்தை (பன்ட்) வாங்கி 85 யார்டு. நடுவுல ஓடி நாலு. மொத்தம் ஆறு டச் டவுன் (எதிரணி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு சேர்க்கறது), ஒரே மேட்ச்ல. வயசு 22, முதல் சீசன்! ஸ்கோர் 61-20.

பேட்டன் 13 வருஷம் ஆடினாரு, ஒத்துக்கறேன். ஆனா இப்படி ஒரு மத்தியானம் அவருக்கு இருந்துச்சா?

#2 புள்ளிவிவரப்புலி

செந்தில், உங்க பையன் பாஸ். நீங்க ஃபெயில்.

பேட்டன்: 190 ஆட்டம், 3,838 தடவை பந்தோட ஓட்டம், 16,726 யார்டு, ஓடி அடிச்ச டச் டவுன் 110. பிடிச்ச பாஸ் 492. போதாததுக்குப் பந்தை எறிஞ்சு 8 டச் டவுன். காயம்னு உக்கார்ந்தது 13 சீசன்ல ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முதல் வருஷம். அதுவரைக்கும் லீக்லயே அதிகமா ஓடியிருந்த ஜிம் பிரவுனோட 12,312 யார்டை 1984 அக்டோபர்ல தாண்டினாரு. அதுக்கப்புறம் அந்த இடம் 2002 வரைக்கும் அவருதுதான். எம்மிட் ஸ்மித் வந்துதான் எடுத்தாரு.

சேயர்ஸ்: 991 தடவை, 4,956 யார்டு. தடவைக்கு 5.0. பேட்டனுக்கு 4.4. இந்த ஒண்ணைத்தான் நீங்க தூக்கிக்கிட்டு வருவீங்கன்னு தெரியும், அதனால நானே சொல்லிட்டேன்.

#3 மதுரை_34

"அப்படி ஒரு மத்தியானம் இருந்துச்சா"ன்னு கேக்குறீக பாருங்க செந்திலண்ணே, அங்கதான் வழுக்கி விழுந்துட்டீக.

1977 நவம்பர் 20. மினசோட்டா வைக்கிங்ஸ். பேட்டனுக்குக் காய்ச்சல். நம்ம ஊர்ல மேலுக்கு முடியலைன்னா ரசஞ்சாதம் தின்னுட்டுப் படுத்துருவோம். அந்த மனுசன் 40 தடவை பந்தை வாங்கி 275 யார்டு ஓடினாரு. அப்ப அது லீக்கோட ஒரு மேட்ச் சாதனை, 2000 வரைக்கும் நின்டுச்சு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்டா, மேட்ச் ஸ்கோர் 10-7. அவரு இல்லைன்டா அன்னிக்குப் பேர்ஸுக்கு ஒண்ணுமே இல்ல. சேயர்ஸ் ஆறு அடிச்ச மேட்ச்ல மூணைக் கழிச்சாலும் பேர்ஸ் ஜெயிச்சிருக்கும்ல?

அதுக்கு முந்தின வாரம் கன்சாஸ் சிட்டிக்கு எதிரா ஒரு ஓட்டம். வெறும் 18 யார்டுதான். அதைப் பாத்திருக்கீகளா? பிடிக்க வந்தவன் ஒவ்வொருத்தனும் கையில ஜெர்சி நூலோட நிக்கிறான். ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சான், உதறினாரு. ஒருத்தன் குறுக்க விழுந்தான், தாண்டினாரு. நெஞ்சுக்கு நேரா வந்தவனைக் கையை நீட்டி மூஞ்சியில ஒரு தள்ளு. எல்லைக்கோட்டுக்கு வெளிய போயிருந்தா அடி மிச்சம். போகமாட்டாரு. அதான் பேட்டன். 80 யார்டு வெட்டவெளியில ஓடுறதை விட எனக்கு அந்த 18 யார்டு பெருசு.

#4 ஒன்டாரியோ ரவி

நீங்கள் எல்லாரும் பேட்டன், சேயர்ஸ் எண்டு அடிபடுறியள். எங்கட ஆளை ஒருத்தரும் கதைக்கேல்லை. புரோங்கோ நாகுர்ஸ்கி! பிறந்தது ரெய்னி ரிவர், ஒன்டாரியோ. பிறகுதான் மினசோட்டா போனவர். ஆகவே அரைவாசி உரிமை எங்களுக்கு.

1930இல பேர்ஸுக்கு வந்தவர். ஆள் ஆறடி ரெண்டு அங்குலம், 226 றாத்தல். அந்தக் காலத்தில அவரை மறிக்க நிண்ட ஆக்களில கனபேர் அவரை விடச் சின்ன ஆக்கள். பந்தைக் கொண்டு ஓடுவார், பந்தை எறிவார், அடுத்த அணி ஆடேக்க மறிக்கவும் அவரே நிப்பார். இப்பத்தைய ஆக்கள் ஒரு வேலையைச் செய்துபோட்டு வாங்கில இருந்து தண்ணி குடிக்கினம்.

1932 இறுதியாட்டம் தெரியுமோ? வெளியில பனி கொட்டுது எண்டு சிகாகோ ஸ்டேடியத்துக்குள்ள வச்சவை. அதுக்கு முதல் அங்க சர்க்கஸ் நடந்தது. யானை நிண்ட மண்ணிலதான் ஆட்டம், மைதானமும் அளவில குறைஞ்சது. நாகுர்ஸ்கி பந்தோட ஓடப்போற மாதிரி வந்து, நிண்டு, தன்ர அணி ஆள் ரெட் கிரேஞ்சுக்கு எறிஞ்சார். டச் டவுன். 9-0. எதிரணி போர்ட்ஸ்மத் ஆக்கள் கத்தினவை: "பந்து துவங்கிற கோட்டுக்கு அஞ்சு யார்டு பின்னால நிண்டுதானே எறியவேணும்!" நடுவர் கேக்கேல்லை. அடுத்த வருசம் லீக் அந்த விதியையே மாத்தி, கோட்டுக்குப் பின்னால எங்க நிண்டும் எறியலாம் எண்டு விட்டுட்டுது. விளையாட்டின்ர விதியையே மாத்த வச்ச ஆளை விட்டுட்டு என்ன கதை இது?

இன்னொண்டு. ஒருநாள் ரிக்லி ஃபீல்டில ரெண்டு பேரை முட்டித் தள்ளிப்போட்டு, டச் டவுன் அடிக்கிற கடைசிப் பகுதியையும் (எண்ட் ஜோன்) தாண்டிப்போய்ச் செங்கல் சுவரில மோதினவராம். திரும்பி வந்து, "கடைசியா இடிச்சவன் கொஞ்சம் பலமான ஆள்" எண்டு சொன்னவராம்.

#5 வடைமாலை

ரவி அண்ணா, அந்தச் சுவர்க் கதைக்கு நம்மூர்ல ஒரு பேரு இருக்கு. கரடி விடறது. டீம் பேருக்கும் பொருத்தமா இருக்கு.

#6 ஒன்டாரியோ ரவி

அதுதான் "வராம்", "வராம்" எண்டு எழுதினனான்.

#7 பாக்கர் பாண்டியன்

சிவபூஜைக்குள்ள கரடி நுழையும், இங்க கரடி பூஜைக்குள்ள நான் நுழையறேன். உங்க எதிரி டீம் கிரீன் பே பாக்கர்ஸ் ரசிகன். அடிக்க வராதீங்க, உங்களுக்கு உபயோகமான ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்.

1968 நவம்பர் 3, எங்க லாம்போ ஃபீல்டு. சேயர்ஸ் 205 யார்டு. 1977 அக்டோபர் 30, அதே லாம்போ ஃபீல்டு. பேட்டன் 205 யார்டு. ஒரு யார்டு கூடக் குறையல. எங்க வீட்டு வாசல்லயே ரெண்டு பேரும் ஒரே அளவு வச்சு அடிச்சுட்டுப் போயிருக்காங்க. அடி வாங்கினவன் சொல்றேன், ரெண்டும் ஒரே வலிதான்.

#8 புள்ளிவிவரப்புலி

பாண்டியன், அருமை. இந்த ரெண்டு 205-ஐயும் நான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்ததே இல்ல.

ஆனா அதோட தொடர்ச்சியையும் சொல்லணும். பேட்டன் 205 அடிச்சு மூணு வாரத்துல 275 அடிச்சாரு. சேயர்ஸ் 205 அடிச்சு அடுத்த ஞாயிறு, 1968 நவம்பர் 10, வலது முழங்கால் போச்சு.

#9 ஜவ்வு கிழிஞ்சவன்

இந்த இழையை மூணு நாளா எட்டி நின்னு படிச்சிட்டிருந்தேங்க. முழங்கால்னு வந்துட்டதால எழுதறேன்.

போன வருசம் எங்க அபார்ட்மென்ட் ஆளுங்களோட ஞாயித்துக்கிழமை ஃப்ளாக் ஃபுட்பால். டேக்கிள் கிடையாது, இடுப்புல தொங்கற துணியை உருவினாப் போதும். நான் ஓடி வந்து, இடது காலை ஊனி, வலது பக்கம் திரும்பினேன். யாரும் தொடலைங்க. உள்ளுக்குள்ள "டப்"புனு ஒரு சத்தம், ஈரத்துணியை உதறுன மாதிரி. வலி அப்பறந்தான் வந்துச்சு. முதல்ல வந்தது, இந்தக் கால் என்னுது இல்லைங்கற மாதிரி ஒரு நினைப்பு. ஏசிஎல்னு முட்டிக்குள்ள இருக்கற ஜவ்வு அத்துப்போச்சு. முதல்ல பார்த்த எடத்துல வெறும் சுளுக்குன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, அதுல ஆறு வாரம் போச்சு.

அப்பறம் அறுவை. சின்னச் சின்னதா துளை போட்டு, கேமராவை உள்ள விட்டு, வேற எடத்துத் தசைநாரை எடுத்து வச்சுக் கட்டினாங்க. ஒம்பது மாசம் பயிற்சி. இன்னிக்கும் மாடிப்படி எறங்கறப்ப கை தன்னால கைப்பிடியைத் தேடுதுங்க.

இப்ப 1968-ஐ நெனச்சுப் பாருங்க. துளை போட்டுப் பாக்கற வழியெல்லாம் அப்ப பரவலா வரல, முட்டியைக் கீறித் திறந்துதான் தைக்கணும். அந்த மனுசன் அடுத்த சீசனே திரும்பி வந்தாருங்க. 1969ல பேர்ஸ் 14 ஆட்டத்துல ஜெயிச்சது ஒண்ணு, தோத்தது 13. அந்த டீம்ல, அந்தக் காலோட, 1,032 யார்டு. லீக்லயே அதிகம். எல்லாரும் ஆறு டச் டவுன் மேட்சைப் பத்திப் பேசறீங்க. எனக்கு அந்த 1,032தான்.

பழைய படத்தையும் 69 படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. 65ல குறுக்க வெட்டறப்ப ரெண்டு காலும் ரெண்டு திசையில போகும், உடம்பு மூணாவது திசையில போகும். 69ல அந்த வெட்டு கம்மி. ஆள் நிதானமா வழி பார்த்து, எதிரணியை மறிச்சு வழி விடற (பிளாக் பண்ற) தன் டீம் ஆளுங்க பின்னாலயே நேராப் போறாரு. ஓடற விதத்தையே புதுசாக் கத்துக்கிட்டாருங்க. அப்பறம் 1970ல இடது முட்டியும் போச்சு. 71ல ரெண்டே ஆட்டம். முடிஞ்சுது.

#10 ஷாம்பர்க் செந்தில்

ஜவ்வு சார், இதை என்னால இவ்வளவு நல்லா சொல்லியிருக்க முடியாது. என் கட்சிக்கு உங்களைத் தலைவராக்கிட்டேன்.

சேயர்ஸை 34 வயசுல ஃபுட்பால் புகழ் மண்டபத்துல (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்த்தாங்க, 1977ல. இன்னி வரைக்கும் அதை விடச் சின்ன வயசுல யாரும் உள்ள போனதில்ல. 68 மேட்சுதான்னு தெரிஞ்சேதான் சேர்த்தாங்க. ஒரு தடவை பார்த்தவங்களுக்கே போதும்னு தோணியிருக்கு. ஆட்டம் தொடங்க எதிரணி உதைக்கற பந்தை (கிக்ஆஃப்) வாங்கி ஓடறதுல அவரோட சராசரி 30 யார்டுக்கு மேல. இன்னிக்கும் அதான் முதலிடம்.

இன்னொரு வேடிக்கை. ஒரே மேட்ச்ல ஆறு டச் டவுன் அவருக்கு முன்னாடி ரெண்டு பேருதான் அடிச்சிருந்தாங்க. 1929ல எர்னி நெவர்ஸ், 1951ல டப் ஜோன்ஸ். ரெண்டு பேரும் யாருக்கு எதிரா அடிச்சாங்க தெரியுமா? பேர்ஸுக்கு எதிரா! வாங்கின கடனை சேயர்ஸ்தான் ஒரு வழியா அடைச்சாரு. அப்புறம் 2020 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆல்வின் கமாரா இந்த வரிசையில சேர்ந்தாரு.

#11 மதுரை_34

முழங்கால் கதை படிச்சு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் ஒண்ணு கேக்கணும்ல. காயம் படாம இருக்குறதும் ஒரு வித்தைதானண்ணே? பேட்டனும் அதே லீக்ல, அதே மாதிரி 11 பேருக்கு நடுவுலதான் ஓடினாரு. 3,838 தடவை! ஒவ்வொரு தடவையும் கடைசியில யாரோ ஒருத்தன் மேல வந்து விழுறான். அதுல பாதியில எதிராளியைத்தேன் இவரு போய் இடிச்சாரு. அடி வாங்குறதுக்கு முன்னாடி அடிச்சுரு, அதான் அவரு கணக்கு.

#12 ஜவ்வு கிழிஞ்சவன்

தம்பி, கோவிச்சுக்காதீங்க. என்னைய யாரும் தொடவே இல்ல. வித்தைன்னு சொல்றீங்களே, அதுல பாதி அதிர்ஷ்டங்க.

#13 சுதா நேப்பர்வில்

ரெண்டு பக்கமும் பந்து கையில இருக்கும்போது என்ன நடந்துச்சுன்னே பேசறீங்க. ஒரு ஆட்டத்துல ஒரு ரன்னிங் பேக் கையில பந்து எத்தனை தடவை வரும்? இருபது, இருபத்தஞ்சு. மீதி நாற்பது தடவை அவர் என்ன பண்றார்?

எங்க வீட்டுக்காரர் பழைய மேட்ச் பார்க்கிற பைத்தியம். எனக்கு ஆரம்பத்துல இந்த ஆட்டமே புரியாது. பந்து எங்க போகுதுன்னு தேடிக்கிட்டே இருப்பேன், அதுக்குள்ள விசில் அடிச்சுடுவாங்க. அவர்தான் ஒரு வழி சொன்னார்: பந்தை விட்டுடு, பேட்டனோட 34-ஆம் நம்பரை மட்டும் பாரு. 1985 சீசன் ஆட்டங்களை அப்படித்தான் பார்த்தேன்.

குவார்ட்டர்பேக் ஜிம் மெக்மேன் பந்தை எறியப் பின்வாங்கறார். ஓரத்திலேர்ந்து எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் (லைன்பேக்கர்) முழு வேகத்துல அவரை நோக்கி வர்றான். பேட்டன் நடுவுல போய் நிக்கிறார். நிக்கிறாரா, இல்லை. முழங்காலை மடக்கி, உட்காரப்போற மாதிரி தாழ்ந்து, அவன் நெஞ்சுக்குக் கீழ தோளைக் கொடுத்து மேல ஒரு நெம்பு. வந்தவன் கால் தரையை விட்டுப் போயிடுது. மெக்மேன் நிதானமா எறிஞ்சுட்டுத் திரும்பிப் பார்க்கிறார். இதுக்கு ஒரு யார்டு கூட பேட்டன் கணக்குல ஏறாது. அப்போ அவருக்கு வயசு 31. அந்த சீசன்ல 1,551 யார்டும் ஓடியிருக்கார்.

சேயர்ஸ் பக்கம் இப்படி ஒரு காட்சியை யாராவது காட்டுங்க, நான் கட்சி மாறத் தயார்.

#14 வடைமாலை

மேட் ஃபோர்ட்டேன்னு ஒருத்தர் 8 வருஷம் ஆடி 8,602 யார்டு ஓடினார். 2014ல மட்டும் 102 பாஸ் பிடிச்சார். பேர்ஸ் வரலாற்றுல பேட்டனுக்கு அடுத்த இடம். நான் நேர்ல பார்த்த ஒரே நல்ல ரன்னிங் பேக். யாரும் பேரைக்கூடச் சொல்லலை, பாவம்.

#15 புள்ளிவிவரப்புலி

சொல்லியாச்சு. அடுத்தது.

சுதா சொன்னதுக்கு என்னால எண் குடுக்க முடியல, அதனால எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா சரியான வாதம்.

#16 ஒன்டாரியோ ரவி

சுதா அக்கா, மறிக்கிற வேலையைப் பற்றிக் கதைச்சா நாகுர்ஸ்கியை விட ஏலாது. 1934இல பீட்டி ஃபெதர்ஸ் எண்ட புதுப் பெடியன் 1,004 யார்டு ஓடினவன். லீக் வரலாற்றில முதல் ஆயிரம். அவனுக்கு முன்னால வழி வெட்டிக்கொண்டு ஓடினது ஆர்? நாகுர்ஸ்கிதான். அதுக்குப் பிறகு அந்தப் பெடியன் ஒரு வருசம்கூட ஆயிரத்துக்குக் கிட்டப் போகேல்லை.

பிறகு பேர்ஸ் முதலாளி ஹாலஸோட சம்பளப் பிரச்சினை, 1937ஓட விட்டுட்டு மல்யுத்தத்துக்குப் போட்டார். 1943இல போருக்கு ஆக்கள் போய் அணியில ஆளில்லை எண்டு கூப்பிட்டவை. ஆறு வருசம் கழிச்சு வந்து முன்வரிசையில மறிக்கிற லைன்மேனா நிண்டார். சீசன் முடிவில மட்டும் பழையபடி பந்தைக் கையில குடுத்தவை. வாஷிங்டனோட இறுதியாட்டத்தில டச் டவுனும் அடிச்சுப்போட்டுத்தான் வீட்ட போனவர். 41-21.

#17 மதுரை_34

இறுதியாட்டம்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. சூப்பர் பவுல் 20, 1986 ஜனவரி. 46-10ன்டு நியூ இங்கிலாந்தை அடிச்சுத் துவைச்சாக. மெக்மேன் ரெண்டு டச் டவுன் ஓடினாரு. பேட்டனுக்கு முன்னால வழிவிட்டு ஓடுற மேட் சூஹி ஒண்ணு. ஒரு யார்டு தூரத்துல பந்து நிக்கிது, அதை யாருக்குக் குடுக்குறாக? "ரெஃப்ரிஜிரேட்டர்" பெர்ரிக்கு! தடுப்பாட்டக்காரனுக்கு! பதினோரு வருசம் மாடா உழைச்ச மனுசன் ஓரத்துல நிக்கிறாரு. கல்யாண வீட்டுல பந்தி பரிமாறினவனுக்கு எலை போடாத மாதிரி.

கோச் டிட்கா பின்னாடி வருத்தப்பட்டாரு. வருத்தப்பட்டு என்ன செய்ய?

#18 பாக்கர் பாண்டியன்

அந்த மேட்ச்ல நியூ இங்கிலாந்து மொத்தப் பேரும் பேட்டன் மேலயே கண்ணா இருந்தாங்க. 22 ஓட்டத்துல 61 யார்டுதான் விட்டாங்க. மத்தவங்களுக்கு வழி கிடைச்சதே அதனாலதான். இருந்தாலும் ஒரு யார்டு பந்தைக் குடுத்திருக்கலாம். எதிரி நானே சொல்றேன்.

#19 ஷாம்பர்க் செந்தில்

சுதா, காட்ட முடியல. ரெண்டு ராத்திரி தேடினேன். கேமராவும் எப்பவும் பந்து பின்னாலயே போகுது, ஒருவேளை இருந்திருக்கலாம். ஆனா என் கையில இல்ல.

சரி, எனக்கும் ஒரு குத்து பாக்கி இருக்கு. மதுரைத் தம்பி, 1977 கடைசி மேட்ச், நியூயார்க் ஜயன்ட்ஸ், தரையெல்லாம் ஐஸ். பேட்டன் 199 யார்டு ஓடியிருந்தா ஓ.ஜே. சிம்ப்சன் ஒரே சீசன்ல ஓடின 2,003 யார்டைத் தாண்டியிருப்பாரு. ஓடினது 47. சறுக்கற தரையில யாரு எப்படின்னு அதுலயே தெரியுதுல்ல?

#20 மதுரை_34

சேறும் ஐஸும் ஒண்ணாண்ணே? போங்க. அந்த மேட்சையும் பேர்ஸ் 12-9ன்டு ஜெயிச்சு பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் சுற்று) போனாக. சேயர்ஸ் ஒரு பிளேஆஃப் ஆடினதுண்டா? நான் சொல்லல, உங்க மகன்கிட்டக் கேளுங்க.

#21 ஷாம்பர்க் செந்தில்

மகன் எழுதி முடிச்சுட்டான். பேட்டன்தான். ஆனா கடைசி வரியில "என் அப்பாவுக்கு கேல் சேயர்ஸைப் பிடிக்கும், அவருடைய முழங்கால் கெட்டுவிட்டது"ன்னு போட்டிருக்கான். படிச்சா எனக்கு முழங்கால் கெட்ட மாதிரி இருக்கு. டீச்சர் என்ன நினைப்பாங்களோ.

அவனை நேத்து ஆர்லிங்டன் ஹைட்ஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். பேட்டன் சீசன் இல்லாத மாசங்கள்ல ஏறி ஏறி ஓடின மேடு அங்கதான் இருக்கு. அடியில பழைய குப்பைக் கிடங்கு, இப்ப பக்கத்துல கோல்ஃப் மைதானம். படத்துல பார்த்தப்ப சும்மா ஒரு புல்மேடுன்னு நினைச்சேன். நேர்ல நிமிர்ந்து பார்த்தா ஓட்டுக்கூரை மாதிரி செங்குத்தா நிக்குது. பையன் விறுவிறுன்னு ஏறிட்டான். நான் பாதியிலயே ரெண்டு கையையும் ஊனிட்டேன். கெண்டைக்கால் கட்டையாப் போச்சு. உச்சியில மூச்சு வாங்கிட்டு நிக்கறப்ப அவன் கேட்டான்: "இதுல அவரு திரும்பத் திரும்ப ஓடுவாராப்பா?"

பதில் சொல்ல மூச்சு இல்ல.

#22 சுதா நேப்பர்வில்

அடுத்த சனிக்கிழமை நாங்களும் வர்றோம். எத்தனை மணிக்கு?

#23 மதுரை_34

நானும். ஜெர்சியோட.

#24 ஒன்டாரியோ ரவி

எனக்கு எட்டு மணித்தியால ஓட்டம். ஆராவது இட்லி கொண்டு வந்தா யோசிக்கலாம்.

#25 ஜவ்வு கிழிஞ்சவன்

காலை ஏழு மணிக்குப் போனா வெயில் இருக்காதுங்க. இட்லி என் பொறுப்பு. நீங்கெல்லாம் ஏறுங்க, நான் கீழ நின்னு யாரு எத்தனை தடவைன்னு எண்ணிக்கறேன்.